வார்டில் இரண்டு நரசிம்மன்

ஆஸ்பத்திரி வாசலில் பேர் எழுதுகிற நந்தகோபாலுக்கு ஒரு பெருமை உண்டு. புருஷன் பேரை வாயால் சொல்லாத பெண்கள் எத்தனை பேர் வந்தாலும், அவர்கள் தருகிற அரைகுறைக் குறிப்பை வைத்தே பேரைக் கண்டுபிடித்துவிடுவார். 'முருகருக்கு எத்தன மூஞ்சிங்க?' என்று கேட்டால் ஆறுமுகம். அது யாருக்கும் தெரியும். 'ரயிலு கிளம்பறப்ப கார்டு காட்டுற கொடி' என்று ஒருத்தி சொன்னபோது பச்சையப்பன் என்று எழுதியவர் அவர். அந்தக் கதையைக் காப்பிக் கடையில் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். வரிசையில் நிற்பவர்களும் அதை ரசிப்பார்கள். நோயும் நொடியுமாக வந்து நிற்கிற இடத்தில் சிரிப்பதற்கு வேறு எதுவும் இல்லாததால் யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை.

நினைத்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஆளின் பேர் விளையாட்டுச் சமாசாரம் இல்லை. அது எல்லோருக்கும் உறைக்க எல்லம்மா வர வேண்டியிருந்தது.

ஆம்பூருக்குக் கிழக்கே, பாலாற்றை ஒட்டி, தோல் வியாபாரிகள் சேர்ந்து கட்டிய தரும ஆஸ்பத்திரி அது. சுற்றிலும் தோல் பதனிடுகிற ஷாப்புகள். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெந்தவர்கள், தண்ணீரால் வயிறு கெட்டவர்கள், இருமுகிறவர்கள் என்று கூட்டத்துக்குக் குறைவே இருக்காது. ஐம்பத்தாறாம் வருஷம் ஆடி மாதம் அந்தப் பக்கமெல்லாம் டைபாய்டு காய்ச்சல். ஒரு நாள் மத்தியானம் ஜான் பாஷாவின் ஜட்கா வாசலில் வந்து நின்றது. உள்ளே எல்லம்மா, அவள் மடியில் தலை வைத்துப் பிதற்றிக்கொண்டு அவள் புருஷன். ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை செய்கிறவன். இரண்டு வாரமாகக் காய்ச்சல். கஷாயம், மந்திரிப்பு எல்லாம் ஆகி, நினைவு தப்பத் தொடங்கிய பிறகு தூக்கி வந்திருந்தாள்.

ஆட்கள் அவனை ஸ்ட்ரெச்சரில் போட்டு உள்ளே கொண்டுபோனார்கள். ஜட்காக்காரருக்கு ஆள் யாரென்று தெரியாது. நந்தகோபால் எல்லம்மாவிடம் பேர் கேட்டார். அவள் வழக்கம்போல் தலையைக் குனிந்தாள்.

"சோளிங்கர் மலைமேல கீற சாமிங்க" என்றாள்.

அவர் அவளை முடிக்க விடவில்லை. நரசிம்மன் என்று எழுதி, அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். இதைவிடச் சுலபமான குறிப்பு அவருக்கு அந்த வாரத்தில் வந்திருக்காது. எல்லம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள்; அதற்குள் ஸ்ட்ரெச்சர் வராந்தாவைக் கடந்து போய்விட்டது. அவள் அதன் பின்னால் ஓடினாள்.

சோளிங்கரில் மலை இரண்டு. பெரிய மலையில் நரசிம்மர் இருக்கிறார். எதிரே சின்ன மலையில் ஆஞ்சநேயர் இருக்கிறார். எல்லம்மாவின் மாமியார் பிள்ளை வரம் கேட்டு ஏறியது சின்ன மலை. பிறந்த பிள்ளைக்கு அனுமந்தன் என்று பேர் வைத்தாள். நந்தகோபாலும் அந்த மலைகளுக்குப் போனவர்தான். ஆனால் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவர்களுக்கு இரண்டாவது கேள்வி கேட்கிற வழக்கம் கிடையாது.

எல்லம்மாவுக்கு எழுத்து தெரியாது. தலைமாட்டில் தொங்கிய கரும்பலகைத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவள் பார்க்கவில்லை. சாயங்காலம் கஞ்சி கொண்டுவந்தவன், நரசிம்மன் சம்சாரம் யார் என்று கூவிக்கொண்டு அவள் எதிரில் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த மலை இல்லை, எதிர் மலை என்று அவனிடம் சொல்லிப் பார்த்தாள். எந்தப் பேராக இருந்தாலும் கஞ்சி ஒரே கஞ்சிதான் என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அவளும் யோசித்துப் பார்த்தாள். மருந்து உடம்புக்குத்தானே, பேருக்கு இல்லையே. புருஷன் பேரைப் பெண்டாட்டி சொன்னால், சொல்லுகிற ஒவ்வொரு தடவையும் அவன் ஆயுசில் கொஞ்சம் குறையும் என்று அவள் தாய் சொல்லி அனுப்பியிருந்தாள். கல்யாணம் ஆகி ஏழு வருஷத்தில் தூக்கத்தில்கூட அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. இப்போது உயிருக்கு மன்றாடிக் கிடக்கிறவனின் ஆயுசில் ஒரு நாளைக் குறைக்கவும் அவளுக்கு மனம் வராது. அதோடு அவளுக்கு உள்ளூர ஒரு ஆறுதலும் இருந்தது. எமன் அனுமந்தனைத் தேடிக்கொண்டு வந்தால், இங்கே படுத்திருப்பது நரசிம்மன் என்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போகட்டுமே என்று நினைத்துக்கொண்டாள்.

அதே வார்டில் நிஜமான நரசிம்மன் ஒருவர் இருந்தார். குடியாத்தத்தில் நான்கு தறி வைத்திருக்கிறவர். சர்க்கரை வியாதி, காலில் ஆறாத புண். தினமும் காலையில் கஞ்சிக்கு முன்னால் அவருக்கு இன்சுலின் ஊசி போட வேண்டும். வாய் ஓயாத மனிதர். பக்கத்துக் கட்டிலில் வந்து படுத்த அனுமந்தன் ராத்திரி முழுக்கப் பிதற்றுவதால் தூக்கம் கெடுகிறது என்று சண்டை போட்டு, இரண்டாம் நாள் தன் கட்டிலை வராந்தாக் கோடிக்கு மாற்றிக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் ஆண்கள் வார்டு வேலைக்கு வந்தவள் சாவித்திரி. அதுவரை பிரசவ வார்டில் இருந்தவள். இங்கே இருந்த நர்ஸ் லீவில் போனதால் மாற்றியிருந்தார்கள். கண்டிப்பான பெண். புட்டியை எடுக்கும்போது ஒரு தரம், ஊசியில் ஏற்றும்போது ஒரு தரம், திரும்ப வைக்கும்போது ஒரு தரம் என்று மேலே ஒட்டியிருக்கிற எழுத்தைப் படித்துப் பார்ப்பாள். அலட்சியமாக வேலை செய்கிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பின்னால் அவளைப் பற்றி ஊர் பேசியது வேறு.

ராத்திரி வேலை முடித்துப் போன நர்ஸ், நரசிம்மனுக்குக் கஞ்சிக்கு முன்னால் இன்சுலின் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். சாவித்திரி மருந்தை அளவாக ஏற்றிக்கொண்டு வார்டுக்குள் வந்தாள். நரசிம்மன் என்று பலகை தொங்கிய கட்டில் ஒன்று இருந்தது. வராந்தாக் கோடியில் இன்னொரு கட்டில் இருப்பது அவளுக்குத் தெரியாது. அதன் சொந்தக்காரர் அப்போது புண் கட்டுகிற அறையில் வரிசையில் உட்கார்ந்து உலக நியாயம் பேசிக்கொண்டிருந்தார்.

நரசிம்மன்தானே என்று படுத்திருந்தவனைக் கேட்டாள். அவன் காய்ச்சல் வேகத்தில் 'உம்' என்றான். அவனிடம் கவர்னர்தானே என்று கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான். சாவித்திரிக்கு அது போதவில்லை. பக்கத்தில் நின்ற எல்லம்மாவைப் பார்த்து, உன் வீட்டுக்காரர் பேர் நரசிம்மன்தானே என்று கேட்டாள்.

எல்லம்மா தலையைக் குனிந்தாள்.

சாவித்திரியும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். புருஷன் பேரைக் கேட்டால் பெண்டாட்டி தலையைத்தான் குனிவாள் என்பது அவளுக்குத் தெரியும். வெளியூர் நர்ஸாக இருந்தால் வாயைத் திறந்து சொல் என்று அதட்டியிருப்பாள். இவளுக்கு அந்த வழக்கம் தெரிந்திருந்ததுதான் வினையாகப் போயிற்று. ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

ஊசியைப் பார்த்ததும் எல்லம்மாவுக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது. வந்த நாளிலிருந்து மாத்திரைதான் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். இது என்ன ஊசி என்று கேட்டாள். டாக்டர் எழுதினது என்று சாவித்திரி சொன்னாள். அதற்கு மேல் கேட்க எல்லம்மாவுக்குத் துணிச்சல் இல்லை. ஆஸ்பத்திரியில் கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்வார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சில் பொய்யும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அனுமந்தனுக்கு வேர்க்க ஆரம்பித்தது. முதலில் நெற்றி, பிறகு கழுத்து, பிறகு உடம்பு முழுக்க. போர்வை நனைந்தது. பிதற்றல் நின்றுவிட்டது. வார்டே சந்தோஷப்பட்டது. வேர்த்துவிட்டால் காய்ச்சல் இறங்கிவிட்டது என்றுதான் நாம் எல்லோரும் தெரிந்து வைத்திருக்கிறோம். எதிர்க் கட்டில்காரர் எல்லம்மாவைப் பார்த்து, உன் தாலி கெட்டி என்றார். அவளும் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதாள். அது சந்தோஷ அழுகை.

பெரிய டாக்டர் பரந்தாமன் அந்த வழியாக வந்தார். காய்ச்சல் அளந்து பார்த்தார். வெகுவாகக் குறைந்திருந்தது. மருந்து வேலை செய்கிறது, தூங்கட்டும் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். கெட்டிக்கார டாக்டர்தான். ஆனால் நல்ல செய்தி கிடைத்ததும் அவரும் அங்கேயே நின்றுவிட்டார். தூங்குகிறவனை ஒரு தரம் தட்டி எழுப்பிப் பார்த்திருந்தால் எழுந்திருக்க மாட்டான் என்பது தெரிந்திருக்கும்.

எல்லம்மாவுக்குத்தான் முதலில் பயம் வந்தது. துடைக்கத் துடைக்க வேர்வை சில்லென்றிருந்தது. அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். ஒரு கை வெட்டி வெட்டி இழுத்தது. கூப்பிடலாம் என்றால் எப்படிக் கூப்பிடுவாள்? 'இந்தாங்க, இந்தாங்க' என்று தோளைப் பிடித்து அசைத்தாள். ஆயாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். டாக்டரே தூங்கட்டும் என்றாரே, ஏன் பேஜார் பண்ணுகிறாய் என்று ஆயா கோபித்துக்கொண்டாள்.

அப்போது வராந்தாவில் தறிக்கார நரசிம்மன் சத்தம் போடுவது கேட்டது. புண் கட்டிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தவர், ஊசி போடாமலே கஞ்சியைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், இந்த ஆஸ்பத்திரியில் கேட்பார் இல்லையா என்று கத்திக்கொண்டிருந்தார். நரசிம்மனுக்கு ஊசி போட்டாகிவிட்டது என்று யாரோ அவருக்குச் சொன்னார்கள்.

"நான்தாம்பா நரசிம்மன். எனக்கு எவனும் போடலியே" என்றார் அவர்.

மருந்து அலமாரி எதிரில் நின்றிருந்த சாவித்திரிக்கு அது கேட்டது. கையிலிருந்த தட்டை வைத்துவிட்டு ஓடிவந்தாள். அனுமந்தனின் கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தாள். நெற்றியில் கை வைத்தாள். பிரசவ வார்டில் அவள் எத்தனையோ பேரின் வேர்வையைத் துடைத்தவள். இது காய்ச்சல் விட்ட வேர்வை இல்லை என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. இன்சுலின் ரத்தத்தில் இருக்கிற சர்க்கரையைக் குறைக்கிற மருந்து. சர்க்கரை வியாதிக்காரனுக்கு அது உயிர் கொடுக்கும். இரண்டு வாரமாக வாயில் சோறு படாதவனுக்குப் போட்டால், மூளைக்குப் போக வேண்டிய சர்க்கரையையும் சேர்த்து வழித்து எடுத்துவிடும்.

ஆனாலும் ஆள் யாரென்று தெரிய வேண்டும். இவனும் நரசிம்மன், இவனுக்கும் சர்க்கரை வியாதி என்றால் இது சர்க்கரை ஏறி வந்த மயக்கமாகவும் இருக்கலாம்; அதற்கு வைத்தியம் வேறு. சாவித்திரி எல்லம்மாவின் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டாள்.

"இவர் பேர் இன்னா? தலையக் குனியாத. என்னப் பார்த்துச் சொல்லு."

எல்லம்மா உதட்டை மடித்துக்கொண்டாள். சின்ன மலை என்றாள். சாவித்திரிக்கு ஒன்றும் புரியவில்லை. மறுபடியும் கேட்டாள். எல்லம்மா புருஷன் முகத்தைப் பார்த்தாள், கழுத்திலிருந்த மஞ்சள் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"சொன்னா அவருக்கு ஆகாதுங்க."

"சொல்லலன்னா செத்துடுவாரும்மா."

எல்லம்மா கண்ணை மூடிக்கொண்டு, பள்ளத்தில் குதிக்கிறவள் மாதிரி உடம்பை ஒரு தரம் முன்னால் தள்ளி, அந்தப் பேரைச் சொன்னாள்.

"அனுமந்தன்."

சாவித்திரி குளுக்கோஸ் எடுத்து வர ஓடினாள். பரந்தாமனும் வந்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து அவன் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது. உடம்பில் சூடு திரும்பியது. கண்ணைத் திறந்தான். எல்லம்மா குனிந்து பார்த்தாள். அவன் வாயைத் திறந்தான், நாக்கு ஒரு பக்கமாகப் போயிற்று, பேச்சு வரவில்லை. குழந்தை மாதிரி ஒரு சத்தம் மட்டும் வந்தது. வலது கையைத் தூக்கப் பார்த்தான். அது கட்டிலிலேயே கிடந்தது.

அன்று சாயங்காலம் பரந்தாமன் சாவித்திரியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. இனி என்ன செய்ய வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒரே பேரில் இரண்டு பேர் வார்டில் இருந்தால் இரண்டு பலகையிலும் சிவப்புச் சாக்பீஸால் கோடு போட வேண்டும்; பக்கத்துப் பக்கத்தில் படுக்க வைக்கக் கூடாது. ஊசி போடுகிறவர் பேரைத் தானாகச் சொல்லி ஆமாவா என்று கேட்கக் கூடாது. நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். நினைவில்லாதவனாக இருந்தால் அவன் அண்ணன் தம்பியை, தெருக்காரனைக் கூப்பிட்டாவது கேட்க வேண்டும். வேலை மாற்றிக்கொள்ளுகிற நர்சுகள் கட்டில் கட்டிலாகப் போய் ஆளைக் காட்டிவிட்டுப் போக வேண்டும். நந்தகோபால் இனிமேல் குறிப்பை வைத்துப் பேர் எழுதினால் அவருக்கு அங்கே வேலை இல்லை. எல்லோருடைய மணிக்கட்டிலும் பேரும் தகப்பன் பேரும் எழுதிய நாடா கட்ட வேண்டும்.

அந்த நாடா யோசனை அவருக்கு ஷாப்பிலிருந்து வந்தது. அங்கே ஒவ்வொரு முதலாளியின் தோலிலும் ஓரத்தில் ஒரு துளைக் குறி இருக்கும். எத்தனை பேருடைய தோல் ஒரே தொட்டியில் ஊறினாலும் மாறாது. ஆட்டுத்தோலுக்கு இருந்த அந்த மரியாதை அன்றுவரை ஆளுக்கு இல்லாமல் போனது.

எல்லாம் சரியாகச் சொன்னவர், கடைசியில் இன்னொன்றும் சொன்னார். நடந்ததை அந்தக் குடும்பத்துக்குச் சொல்ல வேண்டாம். டைபாய்டு மூளையைத் தாக்கினாலும் இப்படி ஆகும், அப்படியே இருக்கட்டும். சொன்னால் அவனுக்குப் பேச்சு வந்துவிடுமா என்று கேட்டார். ஊசி மாற்றிப் போடுகிறார்கள் என்று ஊரில் பரவினால் ஜனங்கள் இங்கே வரப் பயப்படுவார்கள், மறுபடியும் மந்திரிக்கப் போவார்கள், அதில் சாகிறவர்கள் ஜாஸ்தியாக இருப்பார்கள் என்றார். அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதனால்தான் சாவித்திரி சரி என்று தலையாட்டிவிட்டு வந்தாள். இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அனுமந்தனின் கட்டிலுக்கு மட்டும் தேவையில்லாமல் பத்துத் தரம் போய்வந்தாள்.

அனுமந்தனின் தாய் அமிர்தவள்ளி கலவை என்ற ஊரில் மகள் வீட்டில் இருந்தாள். சேதி கிடைத்து வந்து சேர்ந்தாள். மகன் பேச முடியாமல் விழிப்பதைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு நடந்ததைச் சொல்ல வார்டில் ஆளா இல்லை? தறிக்கார நரசிம்மன் தாமாகவே வந்து விவரமாகச் சொன்னார். காலையில் நன்றாக வேர்த்துக் காய்ச்சல் விட்டது, டாக்டரே சொன்னார், அப்புறம் உன் மருமகள் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி அவன் பேரைச் சொன்னாள், அதற்குப் பிறகு கண்ணைத் திறந்தவனுக்குப் பேச்சு இல்லை என்றார். கெட்ட எண்ணம் கிடையாது. தனக்கு வராத ஊசி எங்கே போயிற்று என்பதை அவர் இதோடு சேர்த்துப் பார்க்கவே இல்லை. கண்ணால் பார்த்ததையும் வார்டில் கேட்டதையும் நடந்த வரிசையில் சொன்னார். அந்த வரிசைதான் எல்லம்மாவைக் கொன்றுவிட்டது.

அமிர்தவள்ளி எழுந்து மருமகள் எதிரில் போய் நின்றாள்.

"ஏழு வருசமா மூடி வெச்ச வாய, எம்புள்ள சாவக் கெடக்கும்போதா தொறந்த?"

இனி என் மகன் கிட்டே வராதே, அவனுக்கு உன் கையால் தண்ணீர்கூடக் கொடுக்காதே, உன் அப்பன் வீட்டுக்குப் போய்ச் சேர் என்று மாமியார் சொன்னதையெல்லாம் எல்லம்மா கேட்டுக்கொண்டாள். பிறகு வார்டை விட்டு வெளியே வந்து, தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், கட்டில் கண்ணுக்குத் தெரியாத இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். அப்பன் வீட்டுக்கும் போகவில்லை, உள்ளேயும் வரவில்லை. கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கவில்லை.

மறுநாள் காலையில் சாவித்திரி அவளிடம் போனாள். சாப்பிட்டாயா என்று ஆரம்பித்தாள். எல்லம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கோபமே இல்லாத முகம்.

"நீங்க உசுருக்குன்னு சொல்லிதான் கேட்டீங்க. உங்க மேல தப்பு இல்ல நர்சம்மா. பேரு என் வாயில இருந்து வர்றப்பவே அவரு பேச்சையும் இழுத்துக்கினு வந்துடுச்சு."

சாவித்திரிக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. இந்தப் பெண் சாகும் வரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு இருப்பாள். தாலி கட்டியவனின் நாக்கைத் தானே பிடுங்கிவிட்டதாக நம்பி, யாரோ வீட்டுக் குழாயடியில் உட்கார்ந்து செத்துப்போவாள். ஆஸ்பத்திரியின் நல்ல பேருக்காக இந்தப் பழியை இவள் தலையில் சுமத்துவதற்கு யாருக்கு உரிமை இருக்கிறது என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது. டாக்டர் மேல் வந்ததா, தன் மேல் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடியாத ஆத்திரம். எல்லம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, இழுக்காத குறையாக வார்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தாள்.

பரந்தாமன் அப்போதுதான் கட்டில்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். சாவித்திரியின் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்கிற மாதிரி கையை லேசாக உயர்த்தினார். அவள் அதைப் பார்க்காதது போல அமிர்தவள்ளியின் பக்கம் திரும்பினாள்.

"அம்மா, உங்க புள்ளைக்குப் பேச்சு போனது உங்க மருமக வாயால இல்ல. என் கையால. அந்தக் கோடியில இருக்கிறவருக்கு எழுதின ஊசிய நான் மாத்தி இவருக்குப் போட்டுட்டேன். அந்த வேர்வையே அந்த ஊசியால வந்ததுதான். இவ பேரச் சொன்னதாலதான் எனக்குத் தப்பு தெரிஞ்சுது. சொல்லாம இருந்திருந்தா அன்னிக்கி மத்தியானமே உசுரு போயிருக்கும்."

அமிர்தவள்ளிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சாவித்திரியின் மேல் பாய்ந்தாள். தோளில் அடித்தாள், அவள் தொப்பியைப் பிடுங்கி எறிந்தாள், உன் கையில் புழு வைக்க என்று சாபம் கொடுத்தாள். பிடிக்க வந்த ஆயாவை சாவித்திரி வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். பெற்றவளுக்கு அந்த அளவுகூட உரிமை இல்லாவிட்டால் எப்படி? பரந்தாமன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் வாயைத் திறந்து, நர்ஸ் சொல்வது நிஜம், அன்றைக்குக் காலையில் நானும் பார்த்தேன், எனக்கும் தெரியாமல் போயிற்று என்றார்.

எல்லம்மா அடிக்கவும் இல்லை, அழவும் இல்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தவள், அமிர்தவள்ளி ஓய்ந்து உட்கார்ந்த பிறகு சாவித்திரியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கி ஊசி போட வந்தப்ப நான் தலையக் குனிஞ்சனே. அதையா ஆமான்னு எடுத்துக்கினீங்க?"

"ஆமா."

"யாரு இன்னா கேட்டாலும் நான் அப்படித்தாங்க குனிவேன்" என்றாள் எல்லம்மா.

சாவித்திரிக்கு விழுந்த அடியிலெல்லாம் அதுதான் பலமான அடி. அவள் முகத்தை மூடிக்கொண்டு வெளியே போனாள்.

ஆஸ்பத்திரிக் கமிட்டி முடிவு செய்கிற வரைக்கும் அவள் வேலைக்கு வர வேண்டாம் என்று மத்தியானம் சொல்லிவிட்டார்கள். அவளும் அதை எதிர்பார்த்துத்தான் இருந்தாள். சாயங்காலம் அலமாரிச் சாவியை ஒப்படைக்க ஆண்கள் வார்டுக்கு வந்தாள். உள்ளே போகத் தைரியம் வராமல் வாசலில் நின்றாள். அவளுக்குப் பதிலாக வந்திருந்த தனகோடி, ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு அனுமந்தனின் கட்டிலுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அமிர்தவள்ளி கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். எல்லம்மா தலைமாட்டில் உட்கார்ந்து அவனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். வாயோரம் வழிவதைத் துடைத்துத் துடைத்து ஊட்டினாள். மாமியார் தடுக்கவில்லை.

தனகோடி ஊசியை எடுத்தாள். எல்லம்மா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் புருஷனின் கையின் மேல் தன் கையை வைத்து மறைத்துக்கொண்டாள்.

"யாருக்குங்க இது?"

உன் வீட்டுக்காரருக்குத்தான், சத்து ஊசி, நகர்ந்துகொள் என்றாள் தனகோடி.

எல்லம்மா நகரவில்லை. "அவரு பேர் இன்னான்னு நீங்க சொல்லுங்க" என்றாள்.

வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நோயாளியின் பெண்டாட்டி நர்ஸைக் கேள்வி கேட்டு அந்த ஆஸ்பத்திரியில் யாரும் பார்த்ததில்லை. அதட்ட வாயெடுத்த தனகோடி, வாசலில் நின்ற சாவித்திரியைப் பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்தாள். கையிலிருந்த சீட்டை நிதானமாகப் படித்தாள். அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த புது நாடாவைத் திருப்பி அதையும் படித்தாள்.

"அனுமந்தன்" என்றாள்.

"ஆமா. அனுமந்தன்" என்று எல்லம்மா அவளை நேராகப் பார்த்துச் சொன்னாள். அதன் பிறகுதான் கையை எடுத்தாள்.